கீழ் ஊருக்குக் கேட்ட மூன்று வேட்டு

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது கூலிக்கு மொழிபெயர்த்த ஓர் அறிக்கையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் கிடந்தது.

இரண்டு மாவட்டங்களுக்குப் பொதுவான ஆறுகளில் வெள்ள அபாயத்தை எப்படி அளப்பது, யார் யாருக்கு எப்போது சொல்லி அனுப்புவது என்பதைப் பற்றிய அறிக்கை. கல்வராயன் மலையில் ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி. மழை ஒரு மாவட்டத்தில் பெய்யும், வெள்ளம் அடுத்த மாவட்டத்தில் போய் ஆளை அடிக்கும். அதற்கு ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் விழுந்தால் 'ஏற்றுக்கொள்ளத்தக்க அபாயம்'. யார் ஏற்றுக்கொள்வது என்று எழுதவில்லை. (நான் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டார்கள்.)

அந்தச் சின்னக் கட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'மரபுவழி எச்சரிக்கை, சிறந்த முன்மாதிரி. 1987 செப்டம்பர். மேல் ஊரில் போடப்பட்ட மூன்று வேட்டுகளால் கீழ் ஊர் மக்கள் காப்பாற்றப்பட்டனர். உயிரிழப்பு ஒன்று.'

வேலை கொடுத்த ராதிகாவுக்கு போன் போட்டேன். கள்ளக்குறிச்சியில் அந்தத் திட்ட அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர். "அந்த ஒண்ணு யாருங்க?"

"சார், அதெல்லாம் எதுக்கு? இருக்கிறத அப்படியே தமிழ்ல போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்."

நல்ல பெண்தான், தலைக்கு மேல் வேலை. வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறினேன். எனக்கு ஒன்று மனதில் தைத்துவிட்டால் சோறு இறங்காது.

2

முதல் தொடக்கம்: கல்வராயன் மலை உச்சியில் கருமேகங்கள் திரண்டு

வேண்டாம். மேகத்தில் தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன். தவிர, கீழ் ஊரில் அன்றைக்கு மேகமே கிடையாது. மண்டையைப் பிளக்கும் வெயில்.

இரண்டாம் தொடக்கம்: செல்லமுத்து சோற்றில் கை வைத்தபோது

இது பரவாயில்லை. ஆனால் செல்லமுத்து யார், அவன் ஏன் நாலு நாளாகச் சோறு தின்னவில்லை என்று சொல்லாமல் உங்களை இழுத்துக்கொண்டு போவது மோசடி. ஆகவே மூன்றாவதாக, அலங்காரம் எதுவும் இல்லாமல்:

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. வட தமிழ்நாட்டில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். இது ஊரறிந்த வரலாறு. இனி வருவது ஊரறியாதது.

மலையிலிருந்து இறங்கும் ஒரு காட்டாற்றின் கரையில் இரண்டு ஊர்கள்.* மேல் ஊர் அடிவாரத்தில், அன்றைய சேலம் ஜில்லா. கீழ் ஊர் சமவெளியில், அன்றைய தென்னாற்காடு ஜில்லா. மேல் ஊரைத் தாண்டிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கீழ் ஊருக்கு வந்துவிடும். சர்க்கார் தகவல் சேலம் போய், கடலூர் போய், கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு வந்து, கீழ் ஊருக்கு இறங்குவதற்குள் தண்ணீர் கடலைப் பார்த்திருக்கும். அதனால் ஊர்க்காரர்களே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் மேல் ஊர்க் கோயிலில் மூன்று வேட்டு. இரும்புக் குழாயில் கருமருந்தை நிரப்பி, செங்கல் தூளை வைத்து இடித்துக் கெட்டித்து, திரியில் நெருப்பு வைப்பது. திருவிழா என்றால் சரமாரியாகப் போடுவார்கள். வெள்ளம் என்றால் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு நன்றியாகக் கீழ் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் மேல் ஊர்த் திருவிழாவுக்குக் கிடா கொண்டுபோவார்கள்.

வேட்டு போடுகிறவர் காசிநாதன். அவருடைய மகள் பாப்பாத்தியைக் கீழ் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை செல்லமுத்து.

(* ஆற்றுக்குப் பெயர் உண்டு. சொன்னால் ஊர் தெரிந்துவிடும். ஏன் தெரியக்கூடாது என்பது போகப் போக விளங்கும்.)

3

பாப்பாத்தி இப்போது அறுபதை நெருங்குகிறார். நான் போனபோது மரவள்ளிக் குச்சியை நடுவதற்காகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"உயிரிழப்பு ஒண்ணுன்னா அது எம் புருசன்தான். வேற யாரு?"

"ஆய்வுக்குழு உங்ககிட்டப் பேசலையாங்க?"

"மேல் ஊர் வரைக்கும் வந்தாங்களாம். எங்கப்பாவ நிக்க வெச்சிப் போட்டோ புடிச்சாங்களாம். இங்க யாரும் வரல."

அப்புறம் அவரே சொன்னார். செல்லமுத்து வெட்டியது ஒரே ஒரு புளியமரம். ஆனால் போலீஸ் ஜீப் வந்தால் மரத்துக்கு ஓர் ஆள் என்றெல்லாம் கணக்குப் பார்க்காது, அகப்பட்டவனை ஏற்றும். அதனால் ஊர் ஆம்பளைகள் எல்லாரும் ஆற்றின் நடுவே இருந்த மணல் திட்டில் நாணலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஆறு வறண்டு கிடந்தது. மணலில் ஜீப் இறங்காது.

"நாலு நாளா அங்கயே கெடந்தாங்க சார். அஞ்சாம் நாள் காலையில ஜீப்பு வேற பக்கம் போயிடுச்சுன்னு சேதி வந்துச்சு. எல்லாரும் வூட்டுக்கு வந்தாங்க. இவரும் வந்தாரு. குளிக்கக்கூட இல்ல, சோத்தப் போடுன்னாரு. தின்னுக்கினு இருக்கும்போது டமால்னு ஒண்ணு. அப்பால ரெண்டு."

"மூணு வேட்டுன்னா வெள்ளம்னு ஊருக்கே தெரியுமே?"

"மழை இருந்தா தெரியும். மானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. அந்த வாரம் சத்தம்னாலே துப்பாக்கிதான் சார். ஒண்ணா, ரெண்டான்னு எண்ணிக்கினா இருப்பாங்க? எதிர் வூட்டுல 'சுடுறாங்கடா'ன்னு கத்துனாங்க. அவ்ளோதான், அத்தினி பேரும் ஆத்துக்கு ஓடுனாங்க."

கத்தி நின்றது.

"இவரு எச்சிக் கையோட முழிச்சிக்கினு நின்னாரு. இன்னா நிக்கிற, ஓடுன்னு முதுகுல கை வெச்சித் தள்ளுனேன். நாந்தான் சார் தள்ளுனேன்."

பாதி ஆறு தாண்டுவதற்குள் மற்றவர்களுக்கு இரைச்சல் கேட்டிருக்கிறது. திரும்பிக் கரையேறிவிட்டார்கள். செல்லமுத்து ஓட்டத்தில் கெட்டிக்காரன். எல்லாருக்கும் முன்னால் திட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

4

இங்கே ஒரு நாள் முழுக்க எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காசிநாதனைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். எழுத்தாளனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

நடந்தது இது. முந்தின ராத்திரி மலையில் பேய் மழை. காலையில் அவர் ஊரை ஒட்டித் தண்ணீர் சுருட்டிக்கொண்டு போகிறது. வேட்டுச் சத்தம் கேட்டால் வெடிகுண்டு கேஸ்தான் என்று போலீஸ் சொல்லியிருந்தது. ஊர்ப் பெரியவர்களும் வேண்டாம் என்றார்கள்; அந்தப் பேச்சிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஆனால் ஆம்பளைகள் திட்டில் படுத்திருக்கிறார்கள் என்று பாப்பாத்தி முந்தாநாள்தான் சேதி அனுப்பியிருந்தாள். மருமகன் திட்டில் இருக்கிறான். அவர் மருந்தைக் கெட்டித்தார். மூன்று வேட்டு போட்டார்.

மாற்றிய முடிவு ஒன்று: காசிநாதன் பயந்துவிடுகிறார். வேட்டு போடவில்லை. வெள்ளம் கீழ் ஊருக்கு வருகிறது, நாணலைச் சாய்த்துவிட்டுப் போகிறது. ஊர் மேட்டில் இருக்கிறது, வீடுகளுக்கு ஒன்றுமில்லை. ஆற்றில் ஆள் இல்லை. செல்லமுத்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறான்.

படித்துப் பாருங்கள். அவரைக் கோழையாக்கினால் அத்தனை பேரும் பிழைக்கிறார்கள்.

மாற்றிய முடிவு இரண்டு: தண்ணீரைக் கண்ட கையோடு மேல் ஊர் ஆள் ஒருவன் சைக்கிளில் கிளம்பி வந்து, வருவது வெள்ளம்தான் என்று சொல்வது வழக்கம். அவன் வந்துவிடுகிறான்

வரவில்லை. சாலை நெடுக மரங்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி வந்து சேர்ந்தபோது ஊரே கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. (அவனைத் தடுத்தது செல்லமுத்து வெட்டிய அதே புளியமரம்தான் என்று எழுதக் கை பரபரத்தது. அவ்வளவு கச்சிதமாக எதுவும் நடக்கவில்லை. எழுதினால் செத்தவன்மேல் பழி போட்டவனாவேன்.)

மாற்றிய முடிவு மூன்று: இரண்டு ஜில்லா ஆபீசர்களும் வயர்லெஸ்சில் பேசிக்கொள்கிறார்கள்

போதும். சிரிக்காதீர்கள்.

5

இதுவரை படித்ததில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். காசிநாதனுக்கு இது தெரியுமா?

தெரியாது. வேட்டு போட்ட அன்றே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து நாள் உள்ளே வைத்து அடித்தார்கள். வெளியே வந்து மகள் வீட்டுக்கு ஓடிவந்தபோது பாப்பாத்தி சொன்ன பொய்: "வேட்டு கேட்டு எல்லாரும் ஏறிட்டாங்கப்பா. இவரு தூங்கிட்டாரு போல." கீழ் ஊர் முழுக்க அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் கிடா போய்க்கொண்டிருக்கிறது.

"உங்களுக்கு அவர்மேல கோவமே வரலையாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"வந்துச்சு சார். நடந்தத அவரு மூஞ்சிக்கி நேரா சொல்லிடணும்னு எத்தினி வாட்டி பஸ் ஏறியிருக்கேன் தெரியுமா? அங்க போனா, அடி வாங்குன கைய மடக்க முடியாம சோத்தப் பெசைஞ்சிக்கினு ஒக்காந்திருப்பாரு. திரும்பிடுவேன்."

மறுநாள் என்னையும் மேல் ஊருக்கு அழைத்துப்போனார். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

காசிநாதனுக்கு எண்பதுக்கு மேல். கண் நன்றாக இருக்கிறது. டீக்கடைப் பேப்பரை விளம்பரம் உட்பட எழுத்துக்கூட்டிப் படிப்பாராம். நான் கீழ் ஊரிலிருந்து வருகிறேன் என்றதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"என் வேட்டு அங்க கேட்டுச்சாங்க? அந்தக் காலத்து ஆளுங்க இன்னா சொல்றாங்க?"

"கேட்டுச்சுங்க. எல்லாருக்கும் கேட்டுச்சாம்."

"அப்ப அவன் மட்டும் ஏன் ஏறி வரல?"

"தூங்கிட்டாருன்னு எத்தினி தபா சொல்றது?" என்றார் பாப்பாத்தி.

"அந்தச் சத்தத்துலயா தூங்குவான்?" கிழவர் என்னிடம் குனிந்தார். "அன்னிக்கு அவசரத்துல மருந்தக் கம்மியா கெட்டிச்சிட்டேங்க. அது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு பிடி போட்டிருந்தா திட்டோட அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். இவ எனக்காவ மறைக்கிறா."

நான் பாப்பாத்தியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறார், அதுவும் செய்யாத தப்புக்காக. உண்மையைச் சொன்னால் அந்தக் குற்றம் விட்டுப்போகும். அதைவிடக் கொடிய இன்னொன்று வந்து உட்காரும். சத்தம் போதவில்லை என்பதைவிட, போதிய அளவு கேட்டது என்பது மோசம். டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

6

இதோடு இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருப்பேன். ராதிகாவின் போன் வந்தது.

"சார், அந்த வேட்டு மாடல் மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மலையச் சுத்தி ரெண்டு மாவட்டத்திலயும் ஊருக்கு ஊரு வைக்கப்போறாங்க."

அது ஆளைக் கொன்ற கதை என்றேன். ஒரு சத்தம் எதற்காக என்று கேட்கிறவனுக்குத் தெரியாவிட்டால், அவன் எதற்குப் பயந்துகொண்டிருக்கிறானோ அதுதான் அவன் காதில் விழும் என்றேன். கலவரமோ, கட்சித் தகராறோ, எந்த ஊரில் எந்த வாரம் எதற்குப் பயப்படுவார்கள் என்று உங்கள் அட்டவணைக்குத் தெரியுமா என்று கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், நீங்க சொல்றது சரின்னா நிறுத்தணும்தான். அந்தம்மாவ எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. நான் மேல அனுப்புறேன்."

பாப்பாத்தியிடம் கேட்டேன். "எங்கப்பா கண்ண மூடுற வரைக்கும் மாட்டேன் சார்" என்றார். மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

7

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பாப்பாத்தியிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஊர்களில் யாரோ பிழைப்பார்கள் என்று, முகம் தெரிந்த ஒரு கிழவரைப் பணயம் வைத்திருக்கிறேன். இது சரியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கதையாக எழுதியிருக்கமாட்டேன், ராதிகாவுக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

பெயர்களை மாற்றினேன். ஊரை மறைத்தேன். ஆனால் மூன்று வேட்டு போட்டதற்காகப் பதினைந்து நாள் அடி வாங்கிய ஆள் அந்த அடிவாரத்தில் ஒருவர்தான். யாராவது அடையாளம் கண்டுகொண்டு, 'தாத்தா, உங்களப் பத்திப் புஸ்தகத்துல வந்திருக்கு' என்று கொண்டுபோய்க் கொடுப்பார். சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் கொடுப்பார்.

அவர் முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டி வருவார். அட்டவணையில் நிதானிப்பார், மேகம் இல்லை என்ற இடத்தில் நிமிர்ந்து பார்ப்பார். மூன்றாம் பகுதிக்குள் நுழைவதற்கு முன்னால் நீங்கள் பக்கத்தில் இருந்தால், கையிலிருந்து தாளை வாங்கிவிடலாம்.

வாங்கினால், ஏன் என்று கேட்பார்.