தெரிந்தவளா என்று கேட்ட போன்

டெஸ் டோல்ஹர்ஸ்ட் அறுபதைத் தாண்டிய பிறகு புதிதாக ஓர் ஆல்பம் போட்டான். மேற்கு ஆஸ்திரேலியாவின் துறைமுக ஊரான ஃப்ரீமேண்டிலில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், துறைமுகத்து ஆட்கள் பீர் சிந்துவது தெரியாமல் அவனுடைய வேடிக்கைப் பாட்டுகளைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் அப்போதும் அவனுக்கு பேஸ் கிட்டார் வாசித்தேன், இப்போதும் வாசிக்கிறேன்.

புதுப் பாட்டுகள் எல்லாம் இந்தக் காலத்துப் பிழைப்பைப் பற்றியவை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு, தான் யாரென்று சொந்த பேங்கிடமே நிரூபிக்க முடியாமல் தவிப்பவன் ஒரு பாட்டில் வருவான். தக்காளி வாங்கியவனைத் திருடனைப்போல விசாரிக்கும் சூப்பர்மார்க்கெட் இயந்திரம் இன்னொன்றில். கடைசிப் பாட்டு மட்டும் நோயலீனைப் பற்றியது.

நோயலீன் பாஸ்கோ எங்களோடு இரண்டாம் குரல் பாடியவள். ஒரு ஓட்டை வேனில் மூன்று பேரும் மேற்குக் கரை முழுக்கச் சுற்றியிருக்கிறோம். ஆறிப்போன இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைத் தின்றபடி, டெஸ் எழுதும் வரிகளை அவள் பாடிப் பார்ப்பாள். பிடிக்காத வரி வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவாள். பன்பரி என்ற ஊரில் ஒருநாள், தானே எழுதிய சோகப் பாட்டு ஒன்றை மேடையில் பாட வேண்டும் என்றாள். டெஸ் எல்லார் முன்னாலும், சனங்கள் சிரிக்க வருகிறார்கள், அழ இல்லை என்று சொல்லிவிட்டான். அன்றைய நிகழ்ச்சியைப் பாடி முடித்துவிட்டு பஸ் ஏறியவள்தான், திரும்பி வரவில்லை. தெற்கே ஆல்பனி ஊரில் பாட்டு சொல்லித்தருகிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

போன வருடம் டெஸ்ஸின் போனில் அவள் முகம் வந்தது. இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்றது போன். அதைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை, பாட்டாக எழுதிவிட்டான். முதல் சரணங்களில் சிரிப்பு இருந்தது. கடைசிச் சரணத்தில் சிரிக்க எங்கே இடம் என்று ஒலிப்பதிவின்போது கேட்டேன்.

"இதுக்கு வேணாம்ப்பா" என்றான்.

ஞாயிறு மதியம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப் கூடத்தில் ஆல்பம் வெளியீடு. கூடம் முழுக்க நரைத்த தலைகள். நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது நோயலீன் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ரேடியோவில் தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. என் விரல் ஒரு சுரம் தப்பியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்த டெஸ், தன் பாட்டின் வரியையே மறந்து நின்றான்.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் அவள் எழுந்து நேராக மேடைக்கு வந்தாள்.

"இதைத் தனியா பாடினா நல்லாவே இல்ல, டெஸ். கொஞ்சம் நகரு."

அவள் குரல் தாழ்ந்திருந்தது. டெஸ் சுருதியை இறக்கினான், நானும் இறக்கினேன். சிரிக்க வேண்டிய இடங்களில்கூட யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பிறகு தேநீர்க் கோப்பையோடு நின்றோம்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் டெஸ்.

"கூடாதுதான். நானும் ஒரு போன் பண்ணியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் வீம்பு."

இருட்டினால் சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்று அவள் சீக்கிரமே கிளம்பினாள். டெஸ் கார்வரை போனான். வெகுநேரம் அவன் திரும்பவில்லை. ஒயர்களை நானே சுற்றி வைத்தேன்.

மறுபடி குழு எதுவும் தொடங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் ஆல்பனி போனோம். வெளியே மழை. நோயலீன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சூப் ஆறிப்போகும்வரை மூன்று பேரும் பாடிக்கொண்டிருந்தோம்.