டீவியில் தெரியாத கால்கள்

என் மனைவி பத்ருன்னிசாவுக்கு இதயம் பலவீனம். மாதம் ஒருமுறை பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போய் டாக்டரைப் பார்த்துத் திரும்புவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். 2007இல் கும்மிடிப்பூண்டியில், டீவி வழியாகச் சென்னை டாக்டரோடு பேசும் மையம் திறந்தார்கள். திறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று துஆ செய்தேன்.

பத்ருவுக்கோ அது ஆஸ்பத்திரியாகவே படவில்லை. டீவியில் முகம் தெரியுமே என்று பவுடர் அப்பி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்புவாள். எங்கள் நிக்காஹ் அன்றைக்குக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான்.

"மூச்சு வாங்குதா? கால் வீங்குதா?" என்று கேட்டார் திரையில் இருந்த டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. ஷோக்கா கீறேன்."

"முகமும் பளிச்சுன்னுதான் இருக்கு. அதே மாத்திரையைச் சாப்பிடுங்க."

நேரில் போனால் அவர் முதலில் அழுத்திப் பார்ப்பது கால்களைத்தான். டீவியில் யாருக்கும் இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது.

கிளம்பலாம் என்று ஷூ மாட்ட மையத்தின் வாசலுக்கு வந்தேன். பக்கத்தில் என் பழைய ரப்பர் செருப்பு கிடந்தது. அவளுடைய சின்னச் செருப்பைக் காணோம். அப்படியானால் என் செருப்பைப் போட்டுக்கொண்டா வந்திருக்கிறாள்? உள்ளே ஓடினேன்.

"பத்ரு, காலைக் காட்டு."

"இன்னாங்க நீங்க, டாக்டரம்மா பாத்துக்கினு கீறாங்க!"

"அவங்க பாக்கணும்னுதான் சொல்றேன்."

நர்ஸ் விக்டோரியா கேமராவைக் கீழே திருப்பினாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. விரலால் அழுத்தினாள், விழுந்த குழி அப்படியே நின்றது.

"சொன்னா சென்னைல படுக்க வெச்சிடுவீங்க. அடுத்த வெள்ளிக்கெழம என் தங்கச்சி பொண்ணு சிஃபாவுக்கு நிக்காஹ். நான் இல்லாமயா?" பத்ரு அழுதேவிட்டாள்.

"உப்பு ஆகாதுன்னு சொன்னேனே, கருவாடு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டே துண்டும்மா."

தினமும் இரண்டு என்பதை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நுரையீரல்ல நீர் கோத்திருக்கும். நிக்காஹ் இல்ல, ஐசியூதான்."

டாக்டரம்மா நீர் போகும் மாத்திரையைக் கூட்டினார். தினமும் எடை பார்த்து விக்டோரியாவுக்குப் போன் செய்ய வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி வர வேண்டும். வீக்கம் வடியாவிட்டால் அட்மிஷன் என்றார்.

வடிந்தது. நிக்காஹ் வீட்டில் எல்லாரும் பிரியாணியை வெளுத்துக்கட்ட, பத்ரு உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் பக்கத்திலேயே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் மையத்துக்குக் கிளம்பும்போது தன் சொந்தச் செருப்பைப் போட்டிருந்தாள். பாதம் முழுக்க மருதாணி, புதுக் கொலுசு வேறு.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றேன்.

"இனிமே காலும் டீவில வருமில்ல!"