ரேஷன் கார்டில் மூன்றாவது பெயர்

ஃபர்ஸானா போனில் முதலில் கேட்டதே, "வாப்பா பக்கத்துல இருக்காகளா?" என்றுதான்.

"ரேஷன் கடைக்குப் போயிருக்காக. என்னட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் நூர் நிஷா.

தாராவியில் பிறந்து வளர்ந்த மகள், அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகி ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளையும் அங்கேயே போய்விட்டார். பேரன் பைசான் பிறந்ததும் அங்கேதான்.

"திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க உம்மா. பெரிய ஹால். எல்லாரும் சேர்ந்து உறுதிமொழி சொல்லணும். சொல்லிட்டா நான் இந்த நாட்டுக்காரி."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூக்கை உறிஞ்சுத?"

"நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்திரணும்."

"வேற தருவாங்கல்லா?"

"தருவாங்க. பைசானுக்கு இருக்குற மாதிரி சிவப்பு. அவன் ஒவ்வொரு தடவையும் கேக்கான், 'உன் புக் மட்டும் ஏன் நீலம், நீ எங்ககூட வரலையா'ன்னு."

"பெறகென்ன, வாங்கு."

"ஸ்கூல்ல என்னை மதராசின்னாங்க. லீவுக்கு நம்ம ஊரு மேலப்பாளையம் போனா பம்பாய்க்காரி. இங்க வந்த முதல் வாரம் ஒரு கிழவர், 'அந்த இந்தியப் பொண்ணைக் கூப்பிடு'ன்னார். வேற யாரையோ சொல்லுதார்னு நான் பேசாம நின்னேன். அதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல உம்மா. நல்லா இருந்துச்சு. இப்ப அதையும் குடுத்திருன்னா..."

நூர் நிஷா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "சாப்பிட்டியாட்டி?" என்றாள்.

"சாப்பிட்டேன். வாப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க. முடியட்டும், நானே சொல்லுதேன். அவுக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்னால போக முடியாது."

போனை வைத்துக் கால் மணி நேரத்தில் கலீலுல்லா வந்தார். கீழே தோல் பர்ஸ் தைக்கும் சின்னப் பட்டறை, மேலே வீடு. இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறிவந்து அரிசிப் பையை இறக்கினார்.

"ரேஷன் கடைக்காரன்கூட இன்னைக்கும் சண்டை. கார்டுல உள்ள எல்லாரும் கைரேகை வைக்கணுமாம். ஃபர்ஸானா வைக்கலைன்னா பேரை எடுத்திருவானாம். 'சாச்சா, லட்கி கிதர் ஹை'ங்கான், பொண்ணு எங்கன்னு. பெருநாளைக்கு வருவான்னேன். 'போன பெருநாளைக்கும் இதத்தான சொன்னீங்க'ங்கான்."

"ஒரு ஆள் அரிசிக்கு ஏன் இந்தப் பாடு?"

"அரிசி யாருக்கு வேணும்? பேரு அங்கன கெடக்கட்டுமே."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு சேலை விலையைக்கூட மறைக்கத் தெரியாதவள் நூர் நிஷா. தண்ணீர்ச் செம்பை நீட்டியபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றி முட்டியின் மேல் வைத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேண்டாம்பீகன்னு பயப்படுதா."

கீழே தையல் மிஷின் ஓடி நின்று மறுபடி ஓடியது.

"நான் மட்டும் என்ன யோக்கியம்," என்றார் கடைசியில். "பம்பாய் வந்த புதுசுல, ஊர்க் கார்டுல பேரை நீக்குனாத்தான் இங்க கார்டுன்னாங்க. ஆள் வச்சு நீக்கிட்டேன். எங்க உம்மா அழுவாளேன்னு சொல்லல. அவ வரிசையில நிக்கும்போது, 'ஒங்க மகன் பேரு அடிச்சிருக்கே'ன்னு கடைக்காரன் எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கான்."

"மாமி இதை எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"எங்கிட்டயும் ஒரே ஒரு தடவைதான். 'போறவன் போ. அதை நான் அடுத்தவன் வாயாலயாடா கேக்கணும்'னா." செம்பைக் கீழே வைத்தார். "பேரை நீக்குனது குத்தமில்ல நூரு. போனைப் போடு."

திரையில் வாப்பா முகத்தைப் பார்த்ததும் ஃபர்ஸானா எழுந்து நின்றுவிட்டாள்.

"திங்கட்கிழமை எத்தன மணிக்கு?"

"உம்மா சொல்லிட்டாங்களா?"

"ஒங்க உம்மா வாயில எது நின்னிருக்கு? மணியச் சொல்லு."

"பதினொண்ணு. உங்களுக்கு மூணரை."

"பட்டறையைப் பூட்டிட்டு உக்காந்திருப்பேன். போனை மாப்பிள்ளைகிட்ட குடு. நேராப் பிடிக்கச் சொல்லு, பைசான் பிடிச்சா சீலிங்கத்தான் காட்டுவான்."

"வாப்பா, உங்களுக்கு வருத்தமில்லையா?"

"இருக்கு. இருந்தா போகக் கூடாதா? நீலப் புக்கு வச்சிருந்தப்ப மட்டும் பக்கத்துலயா இருந்த?"

அவள் அழுதாளா சிரித்தாளா என்று நூர் நிஷாவுக்குத் தெரியவில்லை. லைன் விட்டுவிட்டு வந்தது.

மறுநாள் காலையில், கார்டிலிருந்து ஃபர்ஸானாவின் பெயரை நீக்கும் ஃபாரத்தோடு கலீலுல்லா அடுத்த வீட்டு வானமாமலையிடம் போனார். நாங்குநேரிக்காரர்; மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தில் எல்லாருக்கும் மராத்தி எழுதித் தருவது அவர்தான்.

"காரணம் போடணும் பாய். மரணம், கல்யாணம், வேற ஊரு. மூணுதான் இருக்கு."

"வேற ஊருன்னு போடும்."

"வேற நாடுல்லா?"

"நாடும் ஒரு ஊருதான்வே. எழுதும்."

"சரி. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

"பேரை எடுக்குற ஃபாரத்துல அத ஏன் கேக்கான்?"

"கேக்கானே. என்ன போட?"

"என்னவே கேள்வி. மகள்னு போடும்."

வானமாமலை எழுதினார். கலீலுல்லா குனிந்து பார்த்தார். மராத்தி வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, "இதுதானா?" என்று கேட்டுக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டதும் கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தார்.

"நூரு, இத ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பு. அவ பாத்தப்புறம் கொண்டுபோய்க் குடுக்கேன்."

நூர் நிஷா அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. அவர் ஏணிப்படியில் செருப்போடு நின்றுகொண்டே இருந்தார். பிறகு போன் முனகியது.

"என்ன சொல்லுதா?"

நூர் நிஷா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாள். "திங்கட்கிழமை நீங்க எந்தச் சட்டை போடப் போறீகன்னு கேக்கா."

"வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குக் குடுத்திருக்குன்னு சொல்லு," என்று ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார் கலீலுல்லா.