மஞ்சள் ஏறிய படங்கள்

1

என் மனைவி பொன்மணியின் ஆராய்ச்சிக்கு நான் ஒருமுறை தப்பான எண்ணிக்கை கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. தெரியாமல் என்று சொன்னால் பொய். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாரணாபுரத்துப் பட்டாசுத் தொழிலாளி ஒருத்தியின் மகள், வறுமையை வென்று, விஞ்ஞான வானில்—

அதோடு நிறுத்திவிட்டேன். எங்கள் அச்சகத்தில் பாராட்டு விழா நோட்டீஸ்கள் இப்படித்தான் தொடங்கும். பொன்மணி படித்திருந்தால், "யாருங்க இந்தப் பொம்பள?" என்று கேட்டிருப்பாள்.

2

2006. நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கலர் பார்க்கிறவன். மெஷினிலிருந்து வரும் காலண்டர் ஷீட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து, மஞ்சள் கூடுகிறது, நீலம் குறைகிறது என்று சொல்வது என் வேலை. பொன்மணி மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். பிரண்டைச் சாறு எலும்பைக் கட்டும் செல்களைக் காக்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருந்தது. அவளுடைய அம்மா அய்யம்மாள், குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது சறுக்கி, இடுப்பெலும்பு முறிந்து எங்களோடு இருந்தார். எலும்பு தேய்ந்து சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர்.

அத்தைக்குப் பொன்மணி விளக்கம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. [நினைவிருப்பதாக நம்புகிறேன்.]

"ஏம்மா, பட்டாசு மருந்துல வெடியுப்பு இல்லேன்னா என்னாகும்?"

"தீ பத்தாது. புஸ்ஸுன்னு போயிரும்."

"வெடியுப்பு ஆக்சிஜனக் குடுக்குது, அதான் எரியுது. ஒடம்புக்குள்ளயும் அது மாதிரி சின்னச் சின்னதா ஒரு எரிச்சல் நடக்கும். வயசாக ஆக கூடும். எலும்பக் கட்டுற செல்லு அதுல செத்துப்போகும். சில செடியில இருக்க சத்து அத அமத்தும்."

"அப்ப என் இடுப்புக்குள்ள பட்டாசு கம்பெனி ஓடுதுங்கியா?"

"லைசென்ஸ் இல்லாத கம்பெனி."

அத்தை சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து மகளைத் திட்டினார். பிறகு கேட்டார்:

"சரி, நாக்கு அரிக்க அரிக்க பெரண்டத் தொவையல் திங்கேன். எலும்பு தேறுமா தேறாதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"தெரியலம்மா."

"இம்புட்டு வருசம் படிக்க வச்சு, இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"இதத்தான் சொல்லிக் குடுத்தாக."

தேறும் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

3

வேலை இப்படி. தட்டில் வளர்த்த செல்கள்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவாள்; செல்கள் சாகும். பாதித் தட்டுகளில் மட்டும் அதற்கு முன்பே பிரண்டைச் சாறு விட்டிருப்பாள். கடைசியில் ஒரு நீலச் சாயம். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, வெளுப்பாகவே இருக்கும். மைக்ராஸ்கோப் வழியாகப் படம் எடுத்து, நம்பர் மட்டும் போட்டு, நாற்பது படங்களை என்னிடம் தந்தாள்.

"எது எந்தத் தட்டுன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், அதனால நான் எண்ணக் கூடாது. எனக்கு எது வேணுமோ அத எண்ணிருவேன். நீங்க எண்ணுங்க."

தன் கண்ணைத் தானே சந்தேகப்படுகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காலண்டர் தொழிலில் எல்லோரும் அடுத்தவன் கண்ணைத்தான் சந்தேகப்படுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஏழாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. சில படங்களில் மஞ்சள் ஒரு துளி ஏறியிருந்தது. பிரண்டைச் சாற்றின் நிறம். வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. பதினாறு வருடம் மஞ்சளையே பார்த்த கண், வேண்டாம் என்றாலும் பார்க்கும்.

அப்போதே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

[இங்கே என் மனப் போராட்டம் ஒரு பத்தி இருந்தது. அப்படி ஒரு போராட்டம் நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

எண்ணிக்கொண்டே போனேன். பளிச்சென்று நீலமாக இருந்தவற்றிலும் வெளுப்பாக இருந்தவற்றிலும் தொல்லை இல்லை. நடுவில் சில மங்கல் நீலமாக இருந்தன. மஞ்சள் ஏறிய படத்தில் அவற்றை உயிர் என்று எண்ணினேன். ஏறாத படத்தில் செத்தது என்று எண்ணினேன்.

4

முடிவு பிரமாதமாக வந்தது. பிரண்டை விட்ட தட்டுகளில் நூற்றுக்கு முப்பது செல்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. அவளுடைய ஆய்வு வழிகாட்டி சந்தோஷப்பட்டு, சென்னையில் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பச் சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள். பேசுவோர் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்த காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் பெருமையாகச் சொன்னேன்:

"மஞ்சள் ஏறுன படத்துல எல்லாம் ஒன் பெரண்ட ஜெயிச்சிருச்சு பாத்தியா."

"என்ன மஞ்சள்?"

சொன்னேன்.

"எத்தனாவது படத்துல தெரிஞ்சிச்சு?"

"ஏழு."

"அதுக்கப்புறமும் எண்ணுனீக."

அவள் சத்தம் போடவில்லை. கை கழுவிவிட்டு வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சென்னைக்குக் கடிதம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. 'படங்களில் சாற்றின் நிறத்தை நான் நீக்கத் தவறியதால்' என்று எழுதியிருந்தாள். தபாலில் சேர்த்தவன் நான்தான்.

பிறகு நாற்பது படங்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நம்பரை மாற்றி, அத்தையிடம் கொடுத்தாள்.

"கறுப்பு எத்தன, வெள்ள எத்தன. மங்கலா இருந்தா தனியா எழுதணும்."

"எதுக்கு இது?"

"சொல்ல மாட்டேன்."

"பாத்தீகளா மாப்பிள்ள, இடுப்ப ஒடிச்சுக் கெடக்கவள வேலைக்குச் சேத்துட்டா ஒங்க வீட்டுக்காரி."

அத்தை இருபது வருடம் பேக்கிங்கில் வெடி எண்ணியவர். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு ஆறு நாள் எண்ணினார். யாராவது நடுவில் பேசினால் முதலிலிருந்து தொடங்கினார். தன் எலும்பைப் பற்றிய கேள்வி என்று அவருக்குத் தெரியாது.

கூடுதலாகப் பிழைத்தவை நூற்றுக்குப் பதினொன்று என்று வந்தது.

பதினொன்றைத்தான் பொன்மணி எழுதினாள். ஆய்வேட்டின் கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தட்டில் கண்டதை மனித எலும்புக்குச் சொல்ல இப்போது இயலாது.

5

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

அ. அத்தைக்கும் முப்பதே வருகிறது. நான் தப்புகிறேன்.

ஆ. பிரண்டை சாப்பிட்டு அத்தை எழுந்து நடக்கிறார். [அத்தை நடக்கத்தான் செய்கிறார், கம்பு ஊன்றி. ஆபரேஷனில் இடுப்புக்குள் வைத்த கம்பி, டாக்டரின் மாத்திரை, மகளின் துவையல், மூன்றில் எது நடக்கவைத்தது என்று கேட்டால் பொன்மணியின் பதில் உங்களுக்கே தெரியும்.]

இ. 2008 ஆவணியில் அவளுக்கு மஞ்சள்காமாலை வரவில்லை.

மூன்றாவதை எழுதத்தான் உட்கார்ந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. எழுத முடியும், கதைதானே. ஆனால் பதினொன்றைப் பதினொன்று என்றே எழுதியவளின் கதையில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

6

நிச்சயமில்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

அத்தை எண்ணி முடித்த சாயங்காலம், நான் பொன்மணியிடம் ஒன்று கேட்டேன். அவள் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பதை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் சிரிக்கிறாள். ஒன்றில் என் தோளில் கை வைக்கிறாள். ஒன்றில் பஸ் பாஸைத் தேட உள்ளே போகிறாள். எதை எழுதினாலும் அதுதான் நடந்தது போல நினைவில் தெரிகிறது.

நான் எண்ணக் கூடாத இடம் இது. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவளிடமிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுமில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை கீழே வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் எண்ணுங்கள்.

"எம்மேல கோவமா?"

"கோவந்தான்," என்றாள் பொன்மணி. பிறகு