பதினெட்டு ரூபாய்த் தாலி

பொன்னுத்தாய்க்குப் பயமே கிடையாது என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்குத் திருச்சிக் கோர்ட்டுப் படியேறும்போது அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம். விவாகரத்து வாங்கிக்கொண்டு போன மனுஷன், நாலு வருஷம் கழித்து, இவள் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்! கோபம் வராமல் கொஞ்சவா தோன்றும்?

எழுபத்தேழில் உப்பிலியபுரம் வீரமலைக்கும் அவளுக்கும் தீர்ந்துபோனபோது, மாசம் நூறு ரூபாய் ஜீவனாம்சம் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. அப்போது வீரமலைக்கு இருந்தது வானம் பார்த்த காடு. இப்போது கிணறு, பம்புசெட், சின்ன வெங்காயம், போதாததற்குப் புது டிராக்டர். பொன்னுத்தாய் புத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அரிசி ஏறியது, வாடகை ஏறியது, அந்த நூறு மட்டும் அசையவில்லை.

"உத்தரவு என்ன கல்வெட்டாம்மா?" என்றார் அவளுடைய வக்கீல் பாக்கியநாதன். "நிலைமை மாறினா கூட்டிக் கேக்கலாம். அவரும் குறைச்சுக் கேக்கலாம். நீ மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா, அடியோட ரத்து பண்ணச் சொல்லியும் கேக்கலாம்."

இவள் இருநூறாக்கச் சொல்லி மனுப் போட்டாள். அந்தக் கடைசி விதியைப் பிடித்துக்கொண்டு அவன் பதில் மனுப் போட்டான். தன் அம்மாவை நர்சிங் ஹோமுக்குக் கூட்டி வந்தவன், இவள் கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டானாம். போதாதா?

தாலி கிடந்தது வாஸ்தவம்தான். வீடு தேடி அலைந்த கதையைக் கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். ஸ்ரீரங்கத்தில் மூன்று வீடு, திருவானைக்காவலில் இரண்டு. எங்கே போனாலும் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" இல்லை என்றதும் கதவு பாதி சாத்தியாகிவிடும். ஆறாவது வீட்டுக்குப் போவதற்கு முன்னால், ஸ்ரீரங்கம் கோபுர வாசல் கடையில் பதினெட்டு ரூபாய்க்கு ஒரு கவரிங் தாலி வாங்கி, மஞ்சள் கயிற்றில் கோத்து, குழாயடியில் நின்று தானே கட்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்காரி, புத்தூர் லூர்துராணி டீச்சர் கேட்டபோது, "ஊர்ல விவசாயம் பாக்குறாருங்க" என்றாள். அன்றைக்கே பின்கட்டு அறையின் சாவி கைக்கு வந்தது.

இப்போது வீரமலை சாட்சிக்கு அழைத்திருப்பது அந்த லூர்துராணி டீச்சரையே. வாயை மூடிக்கொண்டால் ஜீவனாம்சம் போச்சு. உண்மையைச் சொன்னால் வீடு போச்சு. சாட்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பொன்னுத்தாய் கூண்டேறினாள்.

வீரமலையின் வக்கீல் விரலை நீட்டினார். "கழுத்துல என்னம்மா அது?"

"தாலிங்க."

"யாரு கட்டினது?"

"நானே கட்டிக்கிட்டேங்க."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மேஜையைத் தட்டினார்.

"சிரிக்கிறவங்க யாராவது எனக்கு வீடு குடுப்பீங்களா?" என்றாள் பொன்னுத்தாய். "புருஷன் இல்லாதவளுக்கு ஸ்ரீரங்கத்துலயும் இடமில்ல, ஆனைக்காவல்லயும் இடமில்ல. கடையில தாலி வித்தாங்க, வாங்கிக்கிட்டேன். இனிமே எனக்கு இது வேண்டாங்க." கயிற்றைத் தலைவழியே கழற்றிக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

அடுத்தது லூர்துராணி டீச்சர். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல், மைக் வேண்டாம்.

"இந்தப் பொண்ணு தனக்குப் புருஷன் இருக்கிறதாச் சொன்னாங்களா?"

"சொன்னா."

வீரமலை மீசையைத் தடவிக்கொண்டான்.

"அந்தப் புருஷனோட பேரு தெரியுமா?"

"தெரியாம என்ன? உப்பிலியபுரம் வீரமலை."

வீரமலையின் வக்கீல் "போதும்மா" என்று உட்காரப் போனார். டீச்சர் விடுவாளா? "மாசா மாசம் மணியார்டர் வருதே! போஸ்ட்மேன் எங்கிட்டதான் வந்து, 'வீரமலை பணம் அனுப்பியிருக்காரு, அம்மா இருக்காங்களா'ன்னு கேப்பான். மூணு வருஷத்துல ஒரு தடவை பொண்டாட்டியைப் பார்க்க வந்திருப்பானா அவன்? நூறு ரூபாயை அனுப்பிட்டா ஆச்சா? என் கையில கிடைச்சான்னா நல்லாக் கேப்பேன்!"

"அவருதாம்மா உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டவரு," என்றார் ஜட்ஜ், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. "வேற யாராவது ஆம்பளை அந்த வீட்டுக்கு வந்ததுண்டா?"

"என் வீட்டுக்கா? நல்லாயிருக்கே!"

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உத்தரவு வந்துவிட்டது. மறுகல்யாணத்துக்குச் சாட்சியம் இல்லை, வீரமலையின் மனு தள்ளுபடி. கிணறும் டிராக்டரும் அவனே ஒப்புக்கொண்டது. ஆகவே ஜீவனாம்சம் மாசம் நூற்று எழுபத்தைந்து. கேட்டது இருநூறுதான். இருக்கட்டும், பரவாயில்லை!

பஸ் ஸ்டாப்பில் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள். வக்கீல் பாக்கியநாதன் தாலிக் கதை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். பொன்னுத்தாய் நேராகப் போய் எதிரே நின்றாள்.

"பொய் சொல்லிட்டியே," என்றாள் டீச்சர்.

"சொன்னேங்க டீச்சர். உண்மையைச் சொல்லியிருந்தா எனக்கு வீடு குடுத்திருப்பீங்களா?"

டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சர்ச்சுக்குப் போகிற பொம்பளை, கோர்ட்டில் சத்தியம் பண்ணி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்," என்றாள்.

பொன்னுத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வீட்டுக்காரர்களில் இதை வாயால் சொன்னவர் ஒருத்தரும் இல்லை. "இந்த மாசக் கடைசியில காலி பண்ணிடறேங்க," என்றாள்.

"யாருடி உன்னைக் காலி பண்ணச் சொன்னா? தெருவுல யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன், புருஷன் இல்லை, விவாகரத்துன்னு. எவ என்ன பண்ணிடுவா?" டீச்சர் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இனிமே அந்தக் கவரிங்கைக் கையால தொடாதே. கழுத்தைப் பாரு, அது பட்ட இடமெல்லாம் புண்ணாக் கிடக்கு. வா, போற வழியில மருந்து வாங்கிட்டுப் போலாம்."