பாலேந்திராவின் புது மச்சம்

சீமைக்கு வந்து ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாலேந்திராவுக்கு வாழ்க்கையில் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். கடைக்குச் சாமான் ஏற்றும் காரை அவர் மனைவி தவநாயகி ஓட்டினாள். அவர் பக்கத்து ஸீட்டில் இருந்தார். அவள் டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே பாஸ். அவர் போன தடவையெல்லாம் ஃபெயில். எத்தனை தடவை என்று வாய் தவறிக் கேட்டவர்களுக்கு அன்றைக்கு நல்ல கத்தரிக்காய் கிடைக்காது.

ஓட்டத் தெரியாத மனுஷன் இல்லை. தவநாயகி பக்கத்தில் இருந்தால் ஒரு பிழை பிடிக்க ஏலாது. பரீட்சை வைக்கிற வெள்ளைக்காரர் ஏறிக் கதவைச் சாத்தினால் போதும், கையும் ஓடாது காலும் ஓடாது. வலப்பக்கம் திரும்பச் சொன்னால் வைப்பரைப் போடுவார். தோற்று வந்தால் கிழமைக்கணக்கில் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை விட்டு வெளியே வரமாட்டார். சோற்றுக் கோப்பையும் உள்ளேதான் போகும். அதைப் பார்க்கும்போது தவநாயகிக்கு வயிறு எரியும்.

வருகிற திங்கட்கிழமை மறுபடியும் டெஸ்ட். "இந்த முறையும் கோட்டை விட்டால் இனி ஸ்டியறிங்கைத் தொடமாட்டன்" என்று பாலேந்திரா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் மனதை ஆறவைக்கவென்று, அந்த வெள்ளிக்கிழமை ஊர்ச் சங்கத்துக்காரரோடு எப்பிங் காட்டில் கூடாரம் போட அவரைக் கூட்டிப் போனாள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஜூன் மாதம்.

"ஊரிலை ஆமிக்காரருக்குப் பயந்து காட்டுக்கை படுத்தது காணாதெண்டு இப்ப காசு குடுத்துப் படுக்கிறம்" என்றார் சங்கத்துச் செபமாலைமுத்து அண்ணை. இரவு புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வயிறு முட்ட. காட்டில் இருந்த மான்களுக்கெல்லாம் கறி மணத்தில் தூக்கம் கெட்டிருக்கும்.

விடிந்ததும் டாக்டர் வேதவல்லி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மதுரைக்காரி, பக்கத்து எட்மண்டனில் வைத்தியம் பார்ப்பவர், சங்கம் விருந்தாளியாக அழைத்திருந்தது.

"ஒருத்தர் விடாம உடம்புல உண்ணி இருக்கான்னு பாருங்க. இங்க மான் நடமாடுது. அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னாடி, எல்லாம் பாருங்க. இருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா, நேரா இழுக்கணும். திருகக் கூடாது, நசுக்கக் கூடாது. விட்டு வெச்சா காய்ச்சல்ல கொண்டு விடும்."

"மண்ணெண்ணெய் பூசினால் தானா விழுந்திடும், டொக்டர்" என்றார் செபமாலைமுத்து. "நெருப்புக்குச்சியாலை சுட்டாலும் விழும்."

"சுட்டா அது வயித்துல இருக்கிறதை உங்களுக்குள்ளதான் கக்கும், சார். மண்ணெண்ணெயை அடுப்போட வெச்சுக்குங்க."

பெண்கள் ஒரு கூடாரம், ஆண்கள் ஒரு கூடாரம். ஆண்கள் கூடாரத்துக்குள்ளிருந்து "கையை எடும் ஐசே, கூசுது" என்று ஒரே அமளி. பாலேந்திராவுக்கு நாலு பேர் முன்னால் சட்டை கழற்றுவதென்றால் உயிர் போய்விடும். தவநாயகியின் கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். வாசிக்கப் போடுகிற மூக்குக்கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது முகத்தில் கல்யாணக் களை.

"உண்ணி இருந்ததோ?" என்று தவநாயகி கேட்டாள்.

"எனக்கு உண்ணியைத் தெரியாதே? எங்கடை வீட்டிலை மாடு நிண்டது. ஆமணக்கங்கொட்டை மாதிரிச் சாம்பல் நிறத்திலை கொழுத்துப்போய்த் தொங்கும். அப்பிடி ஒண்டுமில்லை." குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புதுசா ஒரு மச்சம் வந்திருக்கு, நாயகி. வலப்பக்கம், விலாவுக்குக் கீழை. சின்னக் கறுப்புப் பொட்டு. அந்த இடத்திலை மச்சமெண்டால் வாகன யோகம்."

"எங்கை, காட்டுங்கோ பாப்பம்."

"சும்மா இரும். திங்கட்கிழமை மட்டும் ஒருத்தருக்கும் காட்டப்படாது. கண் படும்."

கட்டிய மனைவியின் கண் படும் என்றால் அவள் என்னத்தைச் சொல்வாள். ஆனால் யோகம் வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தவர் பாலேந்திராதான். ரவுண்டபவுட்டில் ராசா மாதிரித் திரும்பினார். மூலையில் ரிவேர்ஸ் எடுக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கு மேலால் விலாவைத் தடவிப் பார்த்து, "வளருது. யோகம் ஏறுது" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வரவேற்பறைக் கம்பளத்தில் பாயை விரித்துச் சாய்ந்தார். கண் அயர்ந்ததும் தவநாயகி மெல்லக் குனிந்து பார்த்தாள்.

யோகத்துக்குக் கால்கள் இருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். எழுப்பிச் சொன்னால் உண்ணியோடு சேர்ந்து நாளைய டெஸ்டும் போய்விடும். மனுஷன் திரும்பவும் சாமான் அறைக்குள் புகுந்துவிடுவார், இந்த முறை வெளியே வரவும் மாட்டார். சொல்லாமல் விட்டால் டாக்டர் சொன்ன காய்ச்சல். யோசித்துக்கொண்டே நிற்க இது ஒன்றும் சேலைக் கடை இல்லை. புருவம் பிடுங்குகிற ட்வீசரை எடுத்து வந்தாள்.

தோலை ஒட்டிப் பிடித்தாள். மெதுவாக, நேராக இழுத்தாள். அது விடமாட்டேன் என்று நின்றது.

"செக்கண்ட் கியர்" என்றார் பாலேந்திரா தூக்கத்தில்.

"ஓம், போடுங்கோ" என்று தவநாயகி முணுமுணுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுக்க, உண்ணி முழுசாகக் கையோடு வந்தது. கடித்த இடத்தை டெட்டோலால் துடைத்தாள். குளியலறைக்குப் போய் உண்ணியை டெட்டோல் போத்தல் மூடிக்குள் போட்டு, அது அடங்கும்வரை காவல் நின்றுவிட்டு, கண்மைப் பென்சிலோடு ஓடி வந்தாள். அதற்குள் அவர் புரண்டு படுத்திருந்தார். விலாவுக்குக் கீழே இடம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொட்டு வைத்தாள். யோகம் நாளுக்கு நாள் வளர வேண்டுமே என்று கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

பின்னேரம் முழுக்க அவர் சட்டைக்கு மேலால்தான் தடவிக்கொண்டு திரிந்தார். ஆனால் திங்கட்கிழமை காலையில் முழுகப் போனார். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி தவநாயகி குசினிக்குள் நின்று கையைப் பிசைந்தாள். வெளியே வந்தவர் தேத்தண்ணீரைக் குடித்தார், காலில் சப்பாத்தைப் போட்டார். மச்சத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

டெஸ்ட் நிலையத்தில் அவர் வெள்ளைக்காரரோடு கிளம்பிப் போன பிறகு, தவநாயகி கதிரையில் உட்கார்ந்து நல்லூர்க் கந்தனில் தொடங்கி, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டாள். கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் எழுந்து ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"பாஸ்" என்றார் பாலேந்திரா. இரண்டு கையாலும் ஸ்டியறிங்கை இன்னும் பிடித்தபடி இருந்தார்.

ஒருவழியாக அதை விட்டு இறங்கிப் போய், பழகுகிறவர்கள் மாட்டுகிற சிவப்பு எல் தகட்டைத் தானே பிய்த்து எறிந்தார். திரும்பும்போதும் அவரே ஓட்டினார்.

"இஞ்சேரும்" என்றார். "முழுகேக்கை மச்சம் சவர்க்காரத்தோடை கரைஞ்சு போச்சுது."

தவநாயகி மடியைப் பார்த்தாள்.

"அதுவும் இடப்பக்கத்து மச்சம். வலப்பக்கத்திலை ஒரு சிவப்புத் தடிப்பும் டெட்டோல் மணமும். முந்தி நான் ஆமணக்கங்கொட்டைக் கதை கதைச்சனான், அதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும்."

"எல்லாம் தெரிஞ்சு பிறகு என்ன துணிவிலை போனீங்கள்?"

"துணிவோ? பாதியிலை திரும்பி ஓடத்தான் பாத்தன்." முன்னால் சிவப்பு விளக்கு, காரை நிறுத்தினார். "அவர் ஏறிக் கதவைச் சாத்தேக்கை யோசிச்சன். ஒரு மனிசி என்ரை நித்திரையும் குழம்பாமல், மானமும் போகாமல் பொட்டு வைச்சு விட்டிருக்கிறா. தோத்தாலும் அவவிட்டைத்தானே திரும்பி வரப்போறன், பிறகென்ன பயமெண்டு. அதுக்குப் பிறகு கையும் காலும் தங்கடை பாட்டிலை வேலை செய்துது."

தவநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரர் ஹோர்னில் கையை வைத்து அழுத்தினார். பாலேந்திரா காரை எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.