முழந்தாளிட்டால் விளிம்பு தரையைத் தொட வேண்டும்

1

அச்சில் வந்த என் முதல் எழுத்து, ஒரு கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளியின் சீருடை விதிகள். பேட்டிகளில் இதை நான் சொன்னதில்லை. அங்கே மொழிப்பாட ஆசிரியையாக இருந்தேன். தலைமை சிஸ்டர் பழைய விதித்தாளை நீட்டி, "நீங்கதான் அழகா எழுதுவீங்களே டீச்சர், கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்றார். நான் புதிதாகவே எழுதினேன். பதினோரு விதிகள். மூன்றாவதுதான் இந்தக் கதையின் தலைப்பு. ஏழாவது: 'வேறு துணி சேர்த்துத் தைத்த சீருடை ஏற்கப்படாது.'

மூன்றாவதை எழுதியதும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. (இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன்.)

2

தொடக்கங்கள்:

'அந்த ஏழைச் சிறுமி' – வேண்டாம். அழவைக்கும் உத்தி இது. அவள் ஏழையும் இல்லை.

'வெள்ளிக்கிழமைகளில் பள்ளித் தாழ்வாரம்' – தாழ்வாரத்தை யார் கேட்டார்கள்?

'நெட்டை அந்த வருடம் மளமளவென்று வளர்ந்தாள்.' சரி, இதுவே இருக்கட்டும்.

நெட்டை, வகுப்பு வைத்த பெயர். பன்னிரண்டு வயது. கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள், "மேல காத்து நல்லா வருது, உங்களுக்கு வேணுமா?" என்பாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். வருடத் தொடக்கத்தில் தைத்த பாவாடையின் மடிப்பை இரண்டு முறை பிரித்துவிட்டார். வெளுத்த நீலத்தின் அடியில், பிரித்த இடங்கள் மட்டும் கருநீலக் கோடுகளாகத் தெரிந்தன. அதற்கு மேல் பிரிக்கத் துணியில்லை. அந்த நீலம் கடையில் கிடைக்காது. பள்ளி வருடத்துக்கு ஒரு முறைதான் தருவிக்கும்.

3

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு முன் பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிடுவார்கள். நான் ஸ்கேலோடு நடப்பேன்.

"ரெண்டு விரல் தூக்கி நிக்குது" என்றேன் நெட்டையிடம்.

"போன வாரம் தொட்டுச்சு டீச்சர். தரை கீழ எறங்கிடுச்சு போல."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விதிமீறல் சீட்டு எழுதினேன்.

அடுத்த வாரமும் அதே இரண்டு விரல், இரண்டாவது சீட்டு. அதற்கும் அடுத்த வாரம் விளிம்பு தரையைத் தொட்டது. அம்மா வேறொரு நீலத்தில் பட்டை வைத்துத் தைத்திருந்தார். குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு நேர்த்தியான தையல். நான் குனிந்து பார்த்தேன். ஏழாவது விதி. மூன்றாவது சீட்டு விழுந்தால், சரிசெய்யும்வரை சிற்றாலயத்துக்குள் அனுமதி இல்லை. அன்று நெட்டை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, உள்ளே பாடிய பாட்டோடு சேர்ந்து பாடினாள்.

[இங்கே மழை பெய்வதாக எழுதியிருந்தேன். அன்று நல்ல வெயில்.]

4

திங்கட்கிழமை அம்மா வந்தார். நீராவி பட்டுச் சிவந்த கைகள்.

"துணி இல்லைங்க டீச்சர். அதுக்காகப் புள்ளைய வெட்டிக் குட்டையாக்கவா முடியும்?"

"விதி அப்படிம்மா."

"யாரு எழுதினதுன்னு சொல்லுங்க. நான் அவங்ககிட்டயே கேட்டுக்கறேன். எழுதினவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"அது... ரொம்பப் பழசும்மா. நிர்வாகம் எழுதினது."

நெட்டை பக்கத்திலேயே நின்றிருந்தாள். போன மாதம்தான் நிபந்தனை வாக்கியத்துக்கு உதாரணமாக மூன்றாவது விதியைக் கரும்பலகையில் எழுதி, "இது நான் எழுதினது" என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, நேரமாச்சு" என்றாள்.

என் பொய்யை அவள் மூடி மறைத்தாள். ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். டீச்சர் அவமானப்படக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அம்மாதான் பாவம் என்று நினைத்தும் இருக்கலாம். இந்த இடத்தில் அவள் மனசுக்குள் நுழைந்து நாலு வரி எழுத எந்த எழுத்தாளருக்கும் கை வரும். எனக்கு வரவில்லை.

5

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டையைப் பிரித்துவிட்டு வந்தாள். முழந்தாளிட்டவள் குதிகாலில் அமர்ந்து, முதுகைக் கூனி, துணியை எப்படியோ கீழே தள்ளினாள்.

"தொடுது டீச்சர்."

தொட்டது. 'சரி' என்று குறித்தேன்.

அதன்பிறகு நடக்கும்போதும் கூனத் தொடங்கினாள். முட்டியை மடக்கி, தோளைச் சுருக்கி, கரும்பலகைக்கு வரும்போதுகூட. பாட்டு நின்றது. பேச்சும் குறைந்தது. 'நெட்டை' என்ற பெயர் போய், வகுப்பு அவளைக் 'கூனி' என்றது.

வருட முடிவில் அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். 'விலகும் காரணம்' என்ற இடத்தை அலுவலகத்தில் என்னையே நிரப்பச் சொன்னார்கள். 'குடும்பச் சூழல்' என்று எழுதினேன். அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். மடித்து வைத்துக்கொண்டார்.

6

முதல் வரைவில், அவர்கள் பின்னால் ஓடி உண்மையைச் சொல்கிறேன். அடித்துவிட்டேன், நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. இரண்டாவது வரைவில், நெட்டை வளர்ந்து பெரிய விளையாட்டு வீராங்கனையாகி... சே.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வருடம் விதித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன் சிஸ்டரிடம் போய், மூன்றாவதையும் ஏழாவதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, "எடுத்துடுங்க டீச்சர். இதுல யாருக்காவது கஷ்டமாமா? முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருக்கலாமே" என்றார்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். இரக்கமுள்ளவர்கள் அவளை நிமிர்ந்து நடக்க வையுங்கள், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவள் என்னை மன்னித்ததாக மட்டும் முடித்துவிடாதீர்கள். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். சான்றிதழ் நகலில் அவர்கள் வீட்டு முகவரி இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.